அமெரிக்க இளநிலைப் படிப்புக்கு மெரிட் ஸ்காலர்ஷிப்: தேடுவதும் விண்ணப்பிப்பதும் கணக்குப் பார்ப்பதும்

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் படிக்க விரும்பும் மாணவர்களில் பலர், முதலில் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களைப் பட்டியலிட்டு விண்ணப்பித்துவிட்டு, இடம் கிடைத்த பிறகே பணத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். மெரிட் ஸ்காலர்ஷிப் எனப்படும், தகுதியின் அடிப்படையில் வழங்கப்படும் கல்வி உதவித்தொகையை நம்பியிருப்பவருக்கு இந்த வரிசை உதவாது. எந்தப் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவருக்கு அதைத் தருகிறது, எந்தத் தேதிக்குள் விண்ணப்பித்தால் தருகிறது, தந்த பிறகு குடும்பம் கட்ட வேண்டியது எவ்வளவு என்ற மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகே பட்டியல் போட வேண்டும். பதினோராம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, கோடை விடுமுறையிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. ஆகஸ்ட் 1 அன்று பொது விண்ணப்பத் தளமான காமன் ஆப் புதிய சுற்றுக்குத் திறக்கப்படும்போது, பட்டியல் ஏறக்குறைய முடிந்திருக்க வேண்டும்.

மெரிட் வேறு, தேவை வேறு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தரும் உதவி இரண்டு வகைப்படும். குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் ஆராய்ந்து, அவர்களால் கட்ட முடியாத தொகையைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வது தேவை அடிப்படையிலான உதவி. குடும்பத்தின் பொருளாதார நிலையைக் கேட்காமல், மாணவரின் படிப்பு, தனித்திறன், பொதுப்பணி, தலைமைப் பண்பு ஆகியவற்றுக்காகத் தருவது மெரிட். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் செல்பவருக்கு அமெரிக்க மத்திய அரசின் மாணவர் உதவி கிடையாது. ஆகவே ஃபாஃப்சா என்ற அரசுப் படிவத்தைப் பற்றி இணையத்தில் குவிந்து கிடக்கும் அறிவுரைகளை நம் மாணவர்கள் தாண்டிச் சென்றுவிடலாம்.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, கார்னெல் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களில் மெரிட் உதவித்தொகை என்ற ஒன்றே இல்லை. எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் இல்லை. அங்கே தரப்படுவது முழுவதும் தேவை அடிப்படையிலானது. "ஹார்வர்டில் முழு ஸ்காலர்ஷிப்" என்று செய்தித்தாளில் வரும்போது, அந்த மாணவருக்கு இடம் கிடைத்தது திறமையால், பணம் கிடைத்தது குடும்ப வருமானம் குறைவாக இருந்ததால் என்று பிரித்துப் படிக்க வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இந்தியக் குடிமக்களுக்கென்றே இருக்கும் டாடா உதவித்தொகையும் தேவையைப் பார்த்துத் தரப்படுவதே.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. உண்மையிலேயே வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர் மெரிட்டை மட்டும் துரத்துவது பெரும்பாலும் தவறான உத்தி. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில நிறுவனங்கள், வெளிநாட்டு விண்ணப்பதாரர் உதவி கேட்கிறாரா என்பதைச் சேர்க்கை முடிவில் கணக்கில் கொள்வதில்லை. சேர்த்துக்கொண்டவரின் முழுத் தேவையையும் நிறைவு செய்கின்றன. ஆனால் மிகப் பெரும்பாலான மற்ற நிறுவனங்களில், வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்டால் அது சேர்க்கை வாய்ப்பையே பாதிக்கக்கூடும். மெரிட் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதால் அந்தப் பாதிப்பு வராது. எனவே விண்ணப்பத்தில் "நிதியுதவி வேண்டுமா" என்ற கேள்விக்குப் பதில் அளிக்கும் முன், அந்தப் பல்கலைக்கழகம் அக்கேள்வியால் எதைக் குறிக்கிறது என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். அதே சமயம், முதலாண்டில் தேவை அடிப்படையிலான உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பின்னர் கேட்க முடியாது என்ற விதி பல இடங்களில் உண்டு. போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அங்கே எடுபடாது.

யாருக்கு, எதற்காகத் தருகிறார்கள்

மெரிட் உதவித்தொகையைப் பரிசு என்று நினைப்பதைவிட, விலைக்கழிவு என்று நினைப்பது தெளிவைத் தரும். வேறு எங்கோ போய்விடக்கூடிய ஒரு நல்ல மாணவரைத் தன் பக்கம் இழுப்பதற்காகப் பல்கலைக்கழகம் தன் கட்டணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறது. ஐவி லீக்குக்கு அந்த அவசியம் இல்லை. கேட்காமலே வருவோர் கூட்டம் அங்கே நிற்கிறது. ஆகவே, உங்கள் மதிப்பெண்ணும் செயல்பாடுகளும் எந்தக் கல்லூரியின் சராசரி மாணவரைவிட ஓரளவு மேலே நிற்கின்றனவோ, அந்தக் கல்லூரியில்தான் மெரிட் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். உங்களால் நுழைய முடிகிற மிக உயர்ந்த கல்லூரியில் நீங்கள் சராசரி மாணவராகவே இருப்பீர்கள். அங்கே உங்களுக்குக் கழிவு தர யாருக்கும் காரணம் இருக்காது. பட்டியலில் பாதி இடங்களையாவது, நீங்கள் சராசரிக்கு மேலே நிற்கும் கல்லூரிகளுக்கு ஒதுக்க வேண்டும். பெயர் பெரிதாக இல்லையே என்று உறவினர்கள் கேட்பார்கள். கட்டணத்தை அவர்கள் கட்டப்போவதில்லை.

இந்த உதவித்தொகைகள் மாணவரை வந்தடையும் வழி மூன்று விதமாக இருக்கிறது. சேர்க்கைக்கு விண்ணப்பித்தவர் அனைவரையும் தானாகவே பரிசீலிப்பது முதல் விதம். அலபாமா பல்கலைக்கழகம் போன்ற சில அரசுப் பல்கலைக்கழகங்கள், இந்த மதிப்பெண்ணுக்கும் இந்தத் தேர்வுப் புள்ளிக்கும் இவ்வளவு தொகை என்று அட்டவணையாகவே வெளியிடுவது வழக்கம். ஊகத்துக்கு இடமில்லாத ஏற்பாடு அது. அட்டவணை ஆண்டுதோறும் மாறும் என்பதால், நீங்கள் சேரும் ஆண்டுக்குரியதையே பார்க்க வேண்டும். அதிலும் வெளிநாட்டு மாணவருக்கான பக்கத்தைத் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது விதத்தில், சேர்க்கை விண்ணப்பத்துடன் தனிக் கட்டுரைகளோ தனி விண்ணப்பமோ தர வேண்டும். வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கார்னீலியஸ் வேண்டர்பில்ட், சான்ஸ்லர்ஸ், இங்க்ரம் ஆகிய மூன்றும் இத்தகையவை. மூன்றும் முழுக் கல்விக் கட்டணத்தை ஏற்பவை என்றாலும் தேடும் ஆள் வேறு. இங்க்ரம், பொதுத்தொண்டில் ஆழமான ஈடுபாடு உள்ளவரையே எதிர்பார்க்கிறது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் உள்ள மோர்ஹெட்-கெய்ன் 1945-இல் நிறுவப்பட்டது. அமெரிக்காவின் முதல் மெரிட் உதவித்தொகைத் திட்டம் என்று பெயர் பெற்றது. நான்கு ஆண்டுச் செலவுடன் கோடைக்காலப் பயிற்சிகளுக்கும் அது பணம் தருகிறது. தலைமைப் பண்பு, ஒழுக்க உறுதி, கல்வித்திறன் ஆகியவற்றோடு உடல் உரத்தையும் ஓர் அளவுகோலாக வைத்திருப்பது அதன் தனித்தன்மை. ராபர்ட்சன் திட்டத்தில் சேர்பவர் டியூக் பல்கலைக்கழகத்துக்கும் சேப்பல் ஹில்லுக்கும் பொதுவான மாணவராகிறார்; இரு வளாகங்களிலும் படிக்கிறார். இவை யாவும் கடும் போட்டிக்குரியவை. ஒன்றிரண்டுக்கு முயலலாம், அவற்றை நம்பித் திட்டம் போடக் கூடாது.

மூன்றாவது விதம் பரிந்துரை முறை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜெஃபர்சன் ஸ்காலர்ஷிப்புக்கு மாணவர் தாமாக விண்ணப்பிக்க முடியாது; தகுதி பெற்ற பள்ளி அவரை முன்மொழிய வேண்டும். நம் ஊர்ப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வழி திறந்திருப்பதில்லை.

அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அங்கே உள்மாநில மாணவருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்குப் பல மடங்கு கூடுதலான வேறொரு கட்டணம். வெளிநாட்டு மாணவர் இரண்டாவது வகையில் சேர்க்கப்படுகிறார். டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி, பல்கலைக்கழகம் போட்டி முறையில் வழங்கும் உதவித்தொகை குறைந்தது 1,000 டாலர் பெறும் வெளி மாணவருக்கு, உள்மாநிலக் கட்டணத்தையே வசூலிக்க அந்தப் பல்கலைக்கழகத்தால் முடியும். அப்படிக் கழிவு தரப்படும் மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. எல்லா வளாகங்களும் அதை இளநிலை மாணவருக்குத் தருவதுமில்லை. ஆனாலும், தாளில் 1,000 டாலராகத் தெரியும் ஒரு தொகை, உண்மையில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் மிச்சப்படுத்தக்கூடும். டெக்சாஸில் விண்ணப்பிப்பவர் "இந்த உதவித்தொகை உள்மாநிலக் கட்டணத் தகுதியையும் தருமா" என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு பல்கலைக்கழகத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பாஸ்டன் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவரையும் இரண்டு முக்கிய மெரிட் உதவித்தொகைகளுக்குப் பரிசீலிக்கிறது. டிரஸ்டி ஸ்காலர்ஷிப் முழுக் கல்விக் கட்டணத்தையும் ஏற்கும். அதற்குத் தனிக் கட்டுரை எழுத வேண்டும். பெறுபவர் மிகச் சிலரே. பிரசிடென்ஷியல் ஸ்காலர்ஷிப் ஆண்டுக்கு 25,000 டாலர் தரும். நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் என்று கடிதத்தில் பார்க்கும்போது வீடே கொண்டாடும்.

இப்போது செலவைப் பார்ப்போம். 2024-25 கல்வியாண்டில் அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்விக் கட்டணம் மட்டும் 66,000 டாலரைத் தாண்டியது. விடுதி, உணவு, பிற கட்டணங்கள், மருத்துவக் காப்பீடு, புத்தகம் எல்லாம் சேர்ந்தால் தொண்ணூறாயிரத்தை நெருங்கும். 25,000 போனாலும் ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல் மிஞ்சுகிறது. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் அது 51 லட்சம் ரூபாய். நான்கு ஆண்டுக்கு இரண்டு கோடியைத் தாண்டும். ஆடித் தள்ளுபடிப் பலகையைப் பார்த்ததும் புடவையின் விலைச்சீட்டைப் பார்க்க மறந்துபோவதுபோல, உதவித்தொகையின் அளவில் மயங்கி மிச்சத் தொகையைப் பார்க்காமல் விடுவதுதான் இந்த விஷயத்தில் மிகவும் விலை உயர்ந்த பிழை. அதிகம் அறியப்படாத ஒரு கல்லூரி மொத்தச் செலவு 45,000 டாலரில் 20,000 குறைத்தால், அதுவே குடும்பத்துக்கு மலிவு.

ஆகவே, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வரி என்று அட்டவணை ஒன்று தயாரித்துக்கொள்வது நல்லது. கல்விக் கட்டணத்தை மட்டும் எழுதாமல், பல்கலைக்கழகமே வெளியிடும் மொத்தச் செலவை அதில் எழுத வேண்டும். உதவித்தொகை டாலரில் நிலையான தொகையா, கட்டணத்தின் சதவீதமா என்று குறிக்க வேண்டும். கட்டணம் ஆண்டுதோறும் மூன்று நான்கு சதவீதம் உயர்வது இயல்பு. நிலையான தொகை உயராது. எனவே முதலாண்டில் குடும்பம் கட்டும் தொகையை நான்கால் பெருக்கினால் கணக்குத் தவறும். விமானப் பயணம், விசாச் செலவு, ரூபாய் மதிப்பின் சரிவு ஆகியவற்றுக்கும் ஓர் ஒதுக்கீடு வைக்க வேண்டும்.

தேதிகள்

மெரிட் உதவித்தொகையைத் தவறவிடுபவர்களில் கணிசமானோர் தகுதிக் குறைவால் தவறவிடுவதில்லை. வழக்கமான சேர்க்கைக்கு ஜனவரி வரை அவகாசம் இருப்பதைப் பார்த்துவிட்டு, மெரிட்டுக்கான கடைசித் தேதி அதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அண்மை ஆண்டுகளில் நவம்பர் 1-க்குள் விண்ணப்பிப்பவரையே பெரும்பாலான மெரிட் தொகைகளுக்குப் பரிசீலிக்கிறது. எமரி பல்கலைக்கழகத்தில் நவம்பர் 15, பாஸ்டனிலும் வேண்டர்பில்டிலும் டிசம்பர் 1 என்பன வழக்கமான தேதிகள். பல்கலைக்கழகத்தின் தளத்தில் அந்த ஆண்டுக்கான தேதியை மீண்டும் ஒருமுறை உறுதி செய்த பிறகே எதையும் நம்ப வேண்டும். கடைசித் தேதி அமெரிக்க நேரப்படிதான் என்று வைத்துக்கொண்டு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்ததாக எண்ணிவிடாமல், இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுவது நல்லது.

முன்கூட்டியே விண்ணப்பிப்பதிலும் இரண்டு வகை உண்டு. ஏர்லி ஆக்‌ஷன் மாணவரைக் கட்டுப்படுத்தாது. இடம் கிடைத்தாலும் மற்றவற்றோடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். ஏர்லி டிசிஷன் கட்டுப்படுத்தும். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்று அங்கேயே சேர வேண்டும். உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்த்தே சேர முடியும் என்ற நிலையில் இருப்பவர் ஏர்லி டிசிஷனில் விண்ணப்பிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

மதிப்பெண், தேர்வு, கடிதம்

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச்சில் நடக்கிறது. முடிவு மே மாதத்தில் வருகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குச் சேர்க்கையை உறுதி செய்யும் வழக்கமான தேதியோ மே 1. ஆகவே மெரிட் முடிவு ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் பன்னிரண்டாம் வகுப்பின் பள்ளித் தேர்வுகளையும் கொண்டே எடுக்கப்படும். பொதுத்தேர்வில் எட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒன்பதாம் வகுப்பைத் தளர்வாக விட்டவருக்கு இது பாதகம். இலங்கையில் உயர்தரப் பரீட்சை முடிவுக்காகக் காத்திருப்பவரும் சாதாரணதரப் பெறுபேறுகளையும் பள்ளித் தவணைப் பரீட்சைகளையும் வைத்தே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

மதிப்பெண்ணை நீங்களே ஜி.பி.ஏ. எனப்படும், அமெரிக்காவில் வழங்கும் நான்கு புள்ளிச் சராசரி அளவுக்கு மாற்றி எழுத வேண்டாம். 600-க்கு 560 என்பதை உள்ளபடியே தர வேண்டும். அந்த எண்ணின் பொருளை விளக்குவது பள்ளியின் கடமை. விண்ணப்பத்துக்காகப் பள்ளி தன் பங்குக்கு அனுப்பும் அறிக்கையுடன் இணைக்கப்படும் ஒரு பக்கப் பள்ளிக் குறிப்பில், அந்தப் பள்ளியில் எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை பேர் 550-க்கு மேல் எடுக்கிறார்கள், எந்த வாரியம், எந்தப் பயிற்றுமொழி என்பவை இருந்தால்தான் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு 560-இன் உயரம் தெரியும். இத்தகைய குறிப்பை இதுவரை தயாரித்திராத பள்ளிகள் ஏராளம். தலைமையாசிரியரைச் சந்தித்துப் பொறுமையாக விளக்கி, ஜூலையிலேயே இதைத் தயார் செய்ய வைப்பது மாணவரின் வேலைதான். ஆலோசகர் என்று தனியாக ஒருவர் இல்லாத பள்ளியில் பள்ளி தர வேண்டிய படிவங்களைத் தலைமையாசிரியரே நிரப்பலாம்.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு பல பல்கலைக்கழகங்களில் கட்டாயமில்லை என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும், வெளிநாட்டு மாணவர் மெரிட்டுக்குப் போட்டியிடும்போது நல்ல மதிப்பெண் கையில் இருப்பது பெரும் உதவி. தெரியாத பள்ளியிலிருந்து வரும் தெரியாத மதிப்பெண்ணுக்கு அது ஒரு பொது அளவுகோலாகிறது. 1600-க்கு நடக்கும் இந்தத் தேர்வு இப்போது முழுவதும் கணினி வழியில் நடைபெறுகிறது. ஆகஸ்டில் ஒருமுறையும் தேவைப்பட்டால் அக்டோபரில் ஒருமுறையும் எழுதத் திட்டமிடலாம். ஆங்கிலப் புலமைக்கு டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ்., டுவோலிங்கோ ஆகியவற்றில் எதை அந்தப் பல்கலைக்கழகம் ஏற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

காமன் ஆப்பின் முதன்மைக் கட்டுரைக்கு 650 சொல் எல்லை; செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள். பத்தையும் நிரப்புவதற்காகப் பள்ளி ஆண்டுவிழாவில் நாற்காலி போட்டதையெல்லாம் எழுதத் தேவையில்லை. தந்தையின் கடைக் கணக்கை மூன்று ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டது, தம்பி தங்கையைப் படிக்க வைத்தது ஆகியவையும் முறையான செயல்பாடுகளே. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று குறித்தால் அதன் எடை தெரியும். உதவித்தொகைக்கான தனிக் கட்டுரையில், அந்தத் திட்டம் எதைத் தேடுகிறதோ அதற்கே விடை எழுத வேண்டும். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியரிடம் "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்பதற்கு மேல் எழுத வைக்க, வகுப்பில் நடந்த இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை நினைவூட்டும் குறிப்பைத் தருவது தவறில்லை. கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுப்பதுதான் தவறு.

ஆலோசனை தேவைப்பட்டால், அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவில் இயங்கும் எஜுகேஷன்-யு.எஸ்.ஏ. மையம் சென்னையில் அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளையிலும் கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணையத்திலும் உள்ளது. தனியார் ஆலோசனை நிலையங்களில் சில, மாணவரைச் சேர்த்துவிடுவதற்காகப் பல்கலைக்கழகங்களிடமிருந்து தரகுத்தொகை பெறுகின்றன. அவை காட்டும் பட்டியலை அந்த நினைவோடு படிக்க வேண்டும்.

கடிதம் வந்த பிறகு

முடிவுகள் டிசம்பரிலிருந்து மார்ச் இறுதிவரை வரும். உதவித்தொகைக் கடிதத்தில் மூன்று செய்திகளைத் தேட வேண்டும்: எத்தனை பருவங்களுக்கு, எந்த ஜி.பி.ஏ. குறையாமல் இருந்தால், எந்தத் துறையில் படித்தால். எட்டுப் பருவங்கள் என்பது வழக்கம். 3.0 என்ற நிபந்தனை சமாளிக்கக்கூடியது, 3.5 கேட்கும் உதவித்தொகையைப் பொறியியல் படிப்பவர் முதலாண்டிலேயே இழந்துவிடும் ஆபத்து உண்டு. இழந்தால் மீட்க வழி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். எஃப்-1 மாணவர் விசா விதிப்படி பருவத்துக்கு 12 கிரெடிட்டாவது (பாடச்சுமையை அளக்கும் அலகு) படிக்க வேண்டும். சில உதவித்தொகைகள் அதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்கும்.

வேறொரு பல்கலைக்கழகம் கூடுதலாகத் தந்திருந்தால், அந்தக் கடிதத்தின் நகலுடன் பணிவான ஒரு மின்னஞ்சல் அனுப்பி மறுபரிசீலனை கோரலாம். எல்லா இடத்திலும் பலிக்காது. ஆனால் கேட்டதற்காகக் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள்.

சேரும் இடம் முடிவானதும், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 ஆவணத்துக்காக முதலாண்டு முழுச்செலவுக்கும் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். உதவித்தொகை அந்தக் கணக்கில் கழிக்கப்பட்டு ஐ-20-இலேயே அச்சிடப்படும். மீதத்துக்கு வங்கி இருப்பு, வங்கி ஒப்புதல் அளித்த கல்விக் கடன், பெற்றோரின் உறுதிமொழி ஆகியவை தேவை. பிறகு வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலரைச் செலுத்தி விசா நேர்காணலுக்குப் பதிவு செய்ய வேண்டும். நேர்காணலுக்கு உதவித்தொகைக் கடிதத்தின் அச்சுப் பிரதியை எடுத்துச் செல்வது நல்லது.

முழுச்செலவையும் ஏற்கும் உதவித்தொகை பெற்றவருக்கு வருமான வரி பற்றிய ஒரு செய்தி மீதமிருக்கிறது. அங்கே போன பிறகே பலருக்குத் தெரிய வருகிறது. கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் தரப்படும் பகுதிக்கு அமெரிக்க வருமான வரி இல்லை. விடுதிக்கும் உணவுக்கும் தரப்படும் பகுதிக்கு உண்டு. எஃப்-1 மாணவரிடம் அந்தப் பகுதியில் பொதுவாக 14 சதவீதத்தைப் பல்கலைக்கழகமே பிடித்து, 1042-எஸ் என்ற படிவத்தில் கணக்குக் கொடுக்கும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு, அமெரிக்கர் தம் வருமானத்தில் வரிக்கு உட்படாமல் கழித்துக்கொள்ளும் நிலையான கழிவை இந்திய மாணவரும் கோர இடம் தருகிறது. ஆகவே அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குள் 1040-என்.ஆர். படிவத்தைத் தாக்கல் செய்தால், பிடித்த வரியில் பெரும்பகுதியோ முழுவதுமோ திரும்பக் கிடைக்கக்கூடும். அதற்குத் தேவையான வரி எண்ணைப் பெறுவது எப்படி என்று சேர்ந்த முதல் மாதத்திலேயே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.